சொல்பவர்: குடும்பத் தலைவர்

2068 மார்ச் 6. நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. ‘சமையலறையில் வழுக்கி விழுந்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். வழுக்கவில்லை.

இதை எழுதிவிட்டுத் திலகவதி பேனாவை வைத்தாள். வழுக்கி விழுந்ததாகச் சொன்ன அந்த வாக்கியம் அவளுடையதே அல்ல. சுவரிலுள்ள பதிவுப்பெட்டி தினமும் மாலையில் வீட்டின் அன்றைய கதையைக் குடும்பத் தலைவரின் பார்வையில் வாசிக்கும். கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தக் கதைதான் செல்லும். நேற்று அது ‘மனைவி வழுக்கி விழுந்தாள்’ என்றது. அவள் அதைப் பார்த்து எழுதிவிட்டாள்.

அவள் படிக்கும் மாலை வகுப்பில் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில நாவல் ஒன்றை நடத்துகிறார்கள். எழுதியவர் பெண், கதையைச் சொல்பவனோ கணவன். தன்னை நல்லவனாகவே சொல்லிக்கொண்டு போவான். ஆனால் மனைவி மௌனமாகும் இடத்திலெல்லாம் அந்த எழுத்தாளர் ஒரு மூடிய கதவை வைத்திருந்தார்.

“கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு எழுதிட்டு வாங்க” என்றிருந்தார் ஆசிரியை மெர்லின்.

“என்ன கிறுக்கிட்டிருக்க?” என்றான் கணவன் முருகவேல்.

“வீட்டுப்பாடம்.”

“பெட்டி சொல்லாததை நீ சொல்லிடப் போறியாக்கும்.”

“நேத்து நீங்கதான் தள்ளினீங்க.”

“எங்க, பெட்டியை அப்படிச் சொல்லச் சொல்லு பாப்போம்.”

அன்றைய கதையைப் பெட்டி வாசித்தது: “மனைவி காரணமின்றிச் சண்டையைத் தொடங்கினாள்.”

முருகவேல் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

ஒருவேளை வழுக்கித்தான் விழுந்தோமோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. முழங்கைக்கு மேலே பார்த்தாள். நான்கு விரல்களின் தடம் கன்றியிருந்தது. பேனாவை எடுத்தாள்.

நாளை: காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகம். என் பெயரில் தனிப் பெட்டி கேட்க வேண்டும். கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும்.