குஞ்சம்மாளின் தூக்கம்

“டாக்டரம்மா, இது ஆஸ்பத்திரியா, சத்திரமா?”

ஹரிகிருஷ்ணன் போட்ட சத்தத்தில், பாய்களில் படுத்திருந்த எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். குஞ்சம்மாளைத் தவிர. அவள் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

மேனகாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கொடைக்கானலில் தன் சின்ன ஆஸ்பத்திரியின் மாடியில், தீராத வலிக்காரர்களுக்காக அவள் வாராவாரம் நடத்தும் வகுப்பு அது. கண்ணை மூடிப் படுத்து மூச்சைக் கவனிக்க வேண்டும். வலி வந்தால் அதை விரட்டாமல், திட்டாமல், அதையும் சும்மா கவனிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ரிட்டயர்டு தாசில்தார் ஹரிகிருஷ்ணனுக்கு முதுகுவலி. சேர்ந்த நாளிலிருந்து புகார்தான். பாய் மெலிசு, கம்பளி நாத்தம், ஜன்னல் வழியா குளிரு. இப்போது இது.

“மெதுவாப் பேசுங்க சார். அந்தம்மா கேரட் தோட்டத்துல மூட்டையோட விழுந்தவங்க. இடுப்பு நோவுல வீட்ல பொட்டுத் தூக்கம் கெடையாது. இங்க வந்துதான் கொஞ்சம் கண்ணசருறாங்க.”

“நாங்கல்லாம் வலியோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்கோம், இவ ரயிலு ஓட்டுறா! முழிச்சிருந்து கவனிக்கிறதுதானே இங்க பாடம்? எழுப்பி அனுப்புங்க.”

குஞ்சம்மாள் திடுக்கிட்டு எழுந்துகொண்டாள். விஷயம் புரிந்ததும் முகம் சுருங்கிப்போனது.

“மன்னிச்சுக்கங்கய்யா. என்னையறியாம அசந்துட்டேன். இனிமே வர மாட்டேன்.”

மேனகா எவ்வளவோ தடுத்தும் நிற்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

‘என்ன படிச்சு, என்ன உத்தியோகம் பார்த்து என்ன பிரயோஜனம்? ஈரமில்லாத ஜென்மம்!’ மேனகா மனசுக்குள் கரித்துக் கொட்டினாள்.

அடுத்த வாரம் குஞ்சம்மாள் வரவில்லை. மாடி நிசப்தமாக இருந்தது. ஹரிகிருஷ்ணன் புரண்டு புரண்டு படுத்தார். முடிந்ததும் நேராக மேனகாவிடம் வந்தார்.

“அந்தம்மா வீடு எங்க இருக்கு?”

“ஏன் சார், விட்ட குறைக்கு வீட்டுக்கே போய்த் திட்டப் போறீங்களா?”

“வீட்டைச் சொல்லுங்க டாக்டரம்மா.”

வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆம்னி வேன் வந்து நின்றது. ஹரிகிருஷ்ணன் இறங்கி, பின்கதவைத் திறந்துவிட்டார்.

“பாத்து எறங்குங்கம்மா. அவசரமே இல்ல.”

குஞ்சம்மாள்! மேனகாவைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஐயா எங்க லயத்து வீட்டுக்கே வந்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டாருங்க. என்னை மதிச்சு இப்படி யாரும் வந்ததில்லைங்க.”

மாடியில் ஹரிகிருஷ்ணனே அவளுக்குப் பாய் விரித்தார். கம்பளியைப் போர்த்திவிட்டார். தன் பாயையும் இழுத்து வந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. குஞ்சம்மாளின் குறட்டை ஆரம்பித்துவிட்டது. ஹரிகிருஷ்ணன் வாயே திறக்கவில்லை.

மேனகாவுக்குத் தன் மேலேயே வெட்கமாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் சார். எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!”

“அட, நீங்க வேற டாக்டரம்மா! இந்தக் குறட்டை இருந்தா, அதை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே பொழுதை ஓட்டிருவேன். போன வாரம் அது இல்லாம, முதுகுவலியைத் தவிர கவனிக்க வேற ஒண்ணுமே இல்லாமப் போச்சே!”