ஐந்தாம் பாகத்தில் ஆரம்பிக்கலாம்

"இவனாவது, படிக்கறதாவது."

டெரிக் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கிஷோர் காதில் விழுந்தே இருக்கும். ஜெனிஃபருக்கு முகம் சுருங்கிப்போனது.

பெரியம்மா மகன்தான். ஆனாலும் டெரிக் அண்ணன் வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது. காக்ஸ் டவுனில் அவன் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற கூட்டமே அப்படித்தான். எல்லோரும் ஒரே கதைத்தொடரின் பக்தர்கள். அதில் டிராகன்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும், மந்திரவாதிகள் மந்திரத்தை மறந்துவிட்டு அசடு வழிவார்கள். இப்படியே முப்பது சொச்சம் பாகங்கள். அதைப் படித்துவிட்டதால் இவர்களுக்கெல்லாம் தலையில் கொம்பு முளைத்துவிட்டதாக நினைப்பு.

கிஷோர் கேட்டது இவ்வளவுதான். எந்தப் பாகத்தில் ஆரம்பிக்கலாம்?

போதாதா? முதல் பாகம் என்றார் உத்தமன். முதல் பாகம் எழுதும்போது எழுத்தாளருக்கே எழுத வராது, அதில் ஆரம்பிப்பவன் அடிமுட்டாள் என்றாள் லீனா. டிராகன் தும்மி அரண்மனையே எரிகிற இடத்துக்காக ஐந்தாம் பாகம்தான் என்று அடித்துப் பேசினாள். உத்தமன் கோபித்துக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்தார். கிஷோர் பாவம், இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"சும்னே தலையாட்டறான் பாரு," என்று டெரிக் ஜெனிஃபரிடம் குனிந்தான். "ரயில்ல சீட்டாடறதுக்கு மடியில வச்சிக்க ஒரு பலகை வேணும். அதுக்குத்தான் புஸ்தகம் கேக்கறான்."

ஜெனிஃபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிஷோர் தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வேலைக்கு வந்து போகிறவன். அவனைக் கட்டிக்கொள்வதா என்று அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்ததைத் தானும் படிக்க வேண்டும் என்று வந்து நிற்கிறானே, இந்த மேதாவிகளில் ஒருவருக்காவது அந்த மனசு உண்டா?

"ஐந்தாம் பாகத்துல ஆரம்பிங்க கிஷோர்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் தரேன்."

அவளுடைய ஐந்தாம் பாகம் படித்துப் படித்துத் தாள் தாளாகக் கழன்றிருந்தது. அவனுக்குக் கொடுப்பதற்காகவே ஆஸ்டின் டவுனில் பைண்டிங்குக்குப் போட்டாள். கூடவே அம்மாவின் பழைய கேக் புத்தகத்தையும். இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு அட்டையில், மேலே பெயர் ஒட்டி, நூலால் கட்டி வந்தன. ஐந்தாம் பாகத்தைக் கட்டுக்கூடப் பிரிக்காமல் ஸ்டேஷனில் அவன் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரமே கிஷோர் முகமெல்லாம் சிரிப்போடு வந்து நின்றான்.

"அந்த டிராகன் தும்முற இடம் இருக்கே ஜெனி, பங்காரப்பேட்டை வர்ற வரைக்கும் சிரிச்சேன். எதிர்ல இருந்தவரு பயந்துபோய் வேற சீட்டுக்குப் போயிட்டாரு."

ஜெனிஃபருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே சம்மதம் சொன்னாள். டெரிக்குக்கு போன் போட்டாள்.

"நீங்க சொன்ன சீட்டாட்டக்காரரு முழுசாப் படிச்சு முடிச்சிட்டாருண்ணா. புஸ்தகம் படிச்சா போதாது, மனுஷங்களையும் கொஞ்சம் படிங்க."

டெரிக் டக்கென்று போனை வைத்துவிட்டான். அவளுக்குக் குளுகுளு என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா எலிசபெத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள், ரயிலில் சிரித்தது உட்பட. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தால் கேக் இல்லாமலா என்று சமையலறைக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் கையில் பழுப்பு அட்டைப் புத்தகத்தோடு திரும்பி வந்தாள். அட்டையில் 'கேக் செய்முறைகள்' என்று பளிச்சென்று ஒட்டியிருந்தது.

"என்னடி இது, உள்ள பூரா டிராகனா இருக்கு? பைண்டிங்காரன் அட்டையை மாத்திப் போட்டுட்டான் போல."

ஜெனிஃபர் வாங்கிப் புரட்டினாள். ஐந்தாம் பாகமேதான். டிராகன் தும்முகிற பக்கத்தில் அவள் போட்ட பென்சில் கோடுகூட அப்படியே இருந்தது.

அம்மா நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்போ என் கேக் புஸ்தகம்தான மாப்பிள்ளைகிட்ட இருக்கு. அவரு எதைப் படிச்சிட்டு ரயில்ல அப்படிச் சிரிச்சாரு?"