மறுபாதி

படுக்கையறை சீலிங்குக்கான பூக்கொடி அலங்காரத்தை டிசைனர் பாதிதான் வரைந்துகொண்டு வந்திருக்கிறார். இருபுறமும் ஒன்றுபோல வருவதை அவர் தொழிலில் யாரும் முழுதாக வரைவதில்லை. நடுக்கோட்டில் ஒரு கண்ணாடியை நிறுத்தினால் மறுபாதி தானாகப் பூத்துவிடும். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன வீட்டுக்காரர் மல்லாந்தபடி பார்க்க, மனைவி தாளை அவர் முகத்துக்கு மேலே பிடித்திருக்கிறாள். "நாள் முழுக்க விட்டத்தப் பாத்துட்டே கெடக்காரு. கண்ணுக்கு ஏதாவது இருக்கட்டும்னுதான்." அலமாரியின் நிலைக்கண்ணாடிமேல் ஏன் போர்வை தொங்குகிறது என்று டிசைனர் யோசிக்கவில்லை. கைப்பழக்கத்தில் பையிலிருந்த முகக்கண்ணாடியை எடுத்து, நடுக்கோட்டில் நிறுத்தி, வீட்டுக்காரர் பக்கம் சாய்க்கிறார். "ஐயோ, கண்ணாடி வேண்டாங்க!" என்று அவள் பதறுவதற்குள் கொடி முழுதாகப் பூத்துவிடுகிறது, அதன் கீழே கோணிய வாயும் தொங்கிய இமையுமாக ஒரு முகமும் வந்துவிடுகிறது. டிசைனர் சட்டென்று கண்ணாடியை எடுக்கப் பார்க்கிறார். வீட்டுக்காரரின் இடக்கை டிசைனரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. "இருங்க... பாத்துக்கறேன்," என்று குழறுகிறது அந்த வாய். வீட்டுக்காரரின் பார்வை கோணிய வாயிலிருந்து தொங்கிய இமைக்கு நகர்கிறது. பூ மட்டும் இருபுறமும் பிசகாமல் ஒன்றுபோலவே இருக்கிறது.