பொரி போட்ட புண்ணியம்

"நெத்தியில இம்மாம் பெரிய நாமத்தைப் போட்டுக்கிட்டுத் தூண்டில் போட்டா, மீனு கடிக்குமா, கும்புட்டுட்டுப் போயிருமா? தொடச்சுட்டு உக்காரு குரு."

"தொடச்சுட்டு ஊட்டுக்குப் போனா, 'எங்கீங்க நாமம்'னு சரிதா கேப்பா. நீ தக்கையப் பாரு."

பூலாம்பட்டியில் காவிரி கரையை வளைத்து உள்ளே ஒதுங்கியிருக்கும் அந்த மூலையில், தண்ணீருக்கு எந்த அவசரமும் இல்லை. எதிர்க்கரை மலை தலைகீழாகப் படுத்துக் கிடந்தது. கடலையே பார்த்திராத குருமூர்த்திக்கு அதுதான் கடல். எடப்பாடியில் வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தில் அடைத்துப்போன காது, சனிக்கிழமை இங்கே வந்துதான் திறக்கும். பக்கத்தில் தூண்டிலோடு குந்தியிருந்த தோமினிக்குக்கு பைக் பட்டறை, இரண்டு தெரு தள்ளி வீடு, பள்ளிக்கூடத்துச் சேக்காளி.

குருமூர்த்தியின் சிக்கல் மீனில் இல்லை, மாதத்தில். புரட்டாசி. கவுச்சிச் சட்டியை எல்லாம் மனைவி சரிதா மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். போன வருஷம் ரோட்டுக்கடையில் ஆம்லெட்டும் கையுமாகப் பிடிபட்டவர் என்பதால், இந்த வருஷம் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

"இந்த மாசம் உங்க மேல மீனு வாசம் அடிச்சுதுன்னா, அடுத்த புரட்டாசி வரைக்கும் இந்த அடுப்புல கவுச்சி ஏறாதுங்க. சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைக் குடல் குழம்பை நம்பித்தான் வாரத்தின் மற்ற நாட்களையே பொறுத்துக்கொள்கிற மனிதர் அவர். அவருக்கு அது சாதாரண மிரட்டல் அல்ல.

"இன்னைக்கும் தங்கச்சி பொரி குடுத்து உட்டுச்சா?" என்றான் தோமினிக்.

"குடுக்காம? மீனுக்குப் பொரி போட்டாப் புண்ணியம்னு சொல்லித்தான வாரேன். போன வாரத்த விட ஒரு பிடி சேத்தே கட்டி உட்டா."

"பாவம்யா அந்தப் புள்ள."

"என்ன பாவம்? பொரி போடறமா, இல்லையா?"

குருமூர்த்தி ஒரு கை பொரியை அள்ளி வீசினார். ஜிலேபி மீன்கள் கூட்டமாக மேலே வந்தன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தோமினிக்கின் தூண்டில் முள் அடக்கமாக இறங்கியது. தக்கை குபுக்கென்று முங்கியது. புண்ணியம் உடனே பலித்தது.

மீனைத் தொடுவது தோமினிக்கின் வேலை. கொண்டு போய்க் கொடுத்தால், அவன் மனைவி இன்பமேரி மசாலா தடவி வறுத்து வைப்பாள். விளக்கு வைத்த பிறகு குருமூர்த்தி பின்வாசல் வழியாக வந்து சாப்பிடுவார். அதற்கு முன்னால் வரக்கூடாது என்பது இன்பமேரியின் கறாரான உத்தரவு. "தெருவுல யாராச்சும் பாத்துட்டா நாந்தானுங்கண்ணா சரிதாவுக்குப் பதில் சொல்லோணும்" என்பாள். சாப்பிட்டதும் எலுமிச்சைத் தோல், சோப்பு, கடைசியாகப் பட்டறை பெட்ரோல் ஒரு சொட்டு. வாசம் போயே போய்விடும்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றான் தோமினிக், முள்ளைக் கழற்றிக்கொண்டே. "எங்கூட்டுல ஒரு பூனை பழகிருச்சாமா. சாயங்காலம் நாம போறப்ப மீனு பாதிதான் இருக்குது, கவனிச்சியா? கேட்டா, பூனைங்கறா இன்பா."

"நீ பாத்தியா அத?"

"நான் எங்க பாக்கறது, பட்டறையில கெடக்கறேன். சனிக்கிழமை மட்டுந்தான் வருதாமா. அதுலயும் பாத்துப் பாத்து நடுத்துண்டா எடுக்குது. வால் துண்டத் தொடறதே இல்ல."

"அடேய், அது என்ற நடுத்துண்டுடா!"

அன்று மதியம் குருமூர்த்தி நல்ல பிள்ளையாகக் குளித்து, பெருமாளுக்குப் படைத்த தளிகையைச் சாப்பிட்டு எழுந்தார். சரிதா கழுத்தில் துளசி மாலையைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னைக்குப் பஜனை சீக்கிரமே ஆரம்பிக்கறாங்களாமா. வாரதுக்குப் பொழுது சாஞ்சுருமுங்க. பசிச்சா புளிசாதம் இருக்குது, போட்டுத் தின்னுக்கங்க."

அவள் தெருமுனை திரும்பினாள். குருமூர்த்தி புளிசாதத்தைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை இல்லை. விளக்கு வைக்க இன்னும் ஒரு யுகம் இருந்தது. அதற்குள் இரண்டு தெரு தள்ளி ஒரு பூனை, பெரிய மீனாகத் தேடி எடுத்து, அதிலும் நடுத்துண்டாக...

உத்தரவாவது ஒன்றாவது! அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சந்து வழியே நடந்தார்.

தோமினிக் வீட்டுப் பின்வாசல் திறந்திருந்தது. மசாலா வாசம் எட்டு வைத்து வந்து அவரை உள்ளே இழுத்தது. சமையலறையிலிருந்து முறுக் முறுக்கென்று ஒரு சத்தம். வந்துவிட்டது, திருட்டுக் கழுதை! சுவரில் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்து ஓங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பூனையை விடப் பூனையாக அடியெடுத்து வைத்து வாசலில் போய் நின்றார்.

அடுப்பருகே இன்பமேரி அவரைப் பார்த்துவிட்டு, கரண்டியும் கையுமாகச் சிலையாகிப் போனாள். அவளுக்கு எதிரே, வாசலுக்கு முதுகைக் காட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த பூனை, துளசி மாலையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தட்டை நீட்டியது.

"ஏனக்கா அப்படியே நிக்கறீங்க? அந்த நடுத்துண்டையும் இப்படிப் போடுங்க, அடுத்த வாரம் அவருகிட்டப் பொரி ரெண்டு மடங்காக் கட்டிக் குடுத்து உடறேன்!"