சுத்தியல் தாலாட்டு

ஸ்வீடன் கிராமத்தில், புதுப்பித்த பழைய இரும்பாலையில் ராட்சதச் சுத்தியல் இறங்கியது. சுற்றிப் பார்க்க வந்த எல்லோரும் காதைப் பொத்தினார்கள். யில்வாவின் திரை போட்ட தள்ளுவண்டியிலிருந்து சிணுங்கல்கூட வரவில்லை.

"பாத்தீங்களா என் பொண்ண? எங்க கொள்ளுத்தாத்தா இங்கதான் கொல்லர்!" என்று பெருமையடித்தான் அவள் கணவன் ஹென்னிங்.

வழிகாட்டிப் பெண் சிரித்தாள். "அப்பல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைங்க இந்தச் சத்தத்துலதான் தூங்கும். சத்தம் நின்னாதான் முழிச்சுக்கிட்டு அழும். நிறுத்திப் பாக்கலாமா?"

சுத்தியல் நின்றது. குழந்தை அழவில்லை.

"சரியான தூங்குமூஞ்சி!" யில்வா திரையை விலக்கினாள்.

குழந்தை கொட்டக் கொட்ட விழித்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரித்தது.

யில்வாவின் சிரிப்பு அடங்கியது. "ஹென்னிங்... மறுபடி அடிக்கச் சொல்லு."

சுத்தியல் இறங்கியது. தரை அதிர்ந்தது. குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.