மருமகள் கால் வைத்த நேரம்

எலப்புள்ளிப் பட்டறையில் அன்று காலை இருந்தவர்கள் ஐந்து பேர்: முதலாளி பூபதிராஜா, அவர் மகன் ஜெகன், கல்யாணமாகி ஒரு மாதமே ஆன மருமகள் கற்பகம், வாளையாரிலிருந்து வந்த மெக்கானிக் மத்தியாஸ், கோயில் கமிட்டி வேல்முருகன். ஐவரில் ராசியில்லாதவர் யார் என்பதைப் பூபதிராஜா அரை மணி நேரம் முன்பே முடிவு செய்திருந்தார்.

கோயில் கேட்டுக்குத் தகடு வெட்ட வேண்டும். இந்த வருடம் கேஸ் கட்டருக்குப் பதிலாக வாங்கிய, கரண்டில் இரும்பு வெட்டும் பிளாஸ்மா கட்டரை ஜெகன் அழுத்தினால் நீலப் பொறி சீறிக்கொண்டு வரும். தகட்டில் நாலு விரற்கடை போவதற்குள் அணைந்துவிடும்.

"ஆயுத பூசைக்கு முந்தி வரைக்கும் நல்லா வெட்டுச்சுங்களே," என்றார் வேல்முருகன்.

"பூசைல ஒரு கொறையுமில்லீங்க. வருசா வருசம் எங்கூட்டுல மூத்தவன் நாந்தான் மேசைக்குப் பெயிண்ட் அடிச்சுப் பொட்டு வெப்பேன். கேஸ் கட்டர் காலத்துல ஒரு நாளு நின்னதுண்டா?" இரும்பு மேசை தலைமுதல் கால்வரை பச்சையாய்ப் பளபளத்தது. "இவ இன்னிக்குத்தான் உள்ள கால் வெச்சா. ஐ.டி.ஐ. படிச்சிருக்காளாமா."

மத்தியாஸ் கட்டரின் முனையிலிருந்த நாசிலை மாற்றினார். காற்றடிக்கும் கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரை வடித்தார். பொறி மறுபடி அணைந்தது.

"எர்த் கிளிப் எங்க மாட்டியிருக்குதுங்க?" என்றார் மத்தியாஸ், கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் ஒயரைக் கண்ணால் தேடி.

"மேசைக் காலுலதான், எப்பவும் போல," என்றான் ஜெகன்.

மத்தியாஸ் குனியப்போனார். பூபதிராஜா கையை நீட்டித் தடுத்தார். "பூசை போட்ட மேசைங்க. கீறல் விழுந்தறப்போகுது. வேற எதாச்சும் பாருங்க."

"மாமா, நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?" என்றாள் கற்பகம்.

"நீ பாத்தது போதும். நாளைக்குக் கோயில் கேட்டு ஏறலீன்னா நம்மூட்டுப் பேரே போயிரும். வெளிய போ. நீ போயும் மெஷின் ஓடலீன்னா பட்டறைச் சாவிய உன்ற கைல குடுத்தர்றேன். ஓடுச்சுன்னா, அப்பறம் இந்த வாசப்படிய மிதிக்கப்படாது."

கற்பகம் மேசைக் காலருகே ஒருமுறை குனிந்து நிமிர்ந்தாள். பிறகு வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெகன் பொத்தானை அழுத்தினான். பொறி அணையவே இல்லை. தகடு ஒரே மூச்சில் இரண்டாகி விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் பூபதிராஜா. மீசை ஓர் அங்குலம் ஏறியது. மத்தியாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீசைக்காரர் கேட்கும் நிலையில் இல்லை.

மறுநாள் கேட் ஏறியது. மருமகள் வெளியே போன பிறகுதான் நெருப்பு நிலைத்தது என்று கோயில் வாசல் முழுக்கப் பேச்சு. பூபதிராஜா முன்வரிசையில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வேல்முருகன் எல்லோர் முன்னாலும் கேட்டார். "நீங்க கூடவே இருந்தீங்களே மத்தியாஸ், அந்தப் புள்ள போனதும்தானுங்க ஓடுச்சு?"

"போனதால ஓடலீங்க. போறப்ப எர்த் கிளிப்ப மேசைல இருந்து கழட்டித் தகட்டுல மாட்டிட்டுப் போச்சுங்க." மத்தியாஸ் பூபதிராஜாவின் பக்கம் திரும்பினார். "பெயிண்ட் மேல கரண்ட் ஓடாதுங்க, முதலாளி."