மூன்றாம் நடைமேடையின் மஞ்சள் கோடு

சுரங்க ரயில் நிலையத்தைக் கட்டும்போதே, பின்னால் வரப்போகும் இன்னொரு பாதைக்கென்று கீழ்த்தளத்தில் மூன்றாம் நடைமேடையையும் கட்டிவிட்டார்கள். பத்து வருஷமாகியும் ஒரு ரயிலும் வரவில்லை. சுரங்கம் தொடங்கவேண்டிய இடத்தில் சுவர்தான் நின்றது.

"உனக்கெதுக்குடி ஓரத்துல மஞ்சள் கோடு? தவறி விழ யாரு வர்றா?" என்று மேல்தளத்து முதல் நடைமேடை தினமும் குத்திக்காட்டும்.

மூன்றாம் நடைமேடைக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனாலும் தன்னைக் கூட்ட வரும் துடைப்பத்திடம், "கோடு மட்டும் நல்லாத் தெரியணும், பாத்துக் கூட்டு" என்று விடாமல் சொல்லும்.

ஒருநாள் சுவர் அதிர்ந்து காரை உதிர்ந்தது.

"ஐயோ, பூகம்பம்!" என்று அலறியது முதல் நடைமேடை.

மூன்றாம் நடைமேடை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டு வந்தது.

"பயப்படாதக்கா, பாதை வருது! துடைப்பம், ஓடி வா, கோட்டைக் கூட்டணும். ஒருத்தரும் விழுந்துடக் கூடாது!"